சிரிப்பு ஷாட்

அறையில் ஆள் இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் மூலையில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரை எடுக்கத்தான் ஜீவானந்தம் உள்ளே நுழைந்தான். கோடம்பாக்கத்தில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவன் அவன், அதில் ஒன்பது வருடம் புரொடக்‌ஷன் மேனேஜராக. ஓடுகிற கேமராவின் சத்தம் தூக்கத்தில்கூட அவனுக்கு அடையாளம் தெரியும். பட்டப்பகல் ஒரு மணி. பச்சை ஜன்னலின் கம்பி நிழல் சிவப்புத் தரையில் கோடு கோடாக விழுந்திருக்க, ஸ்டாண்டு எதுவும் இல்லாமல் தரையோடு தரையாக ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்த கேமரா, கிர்ர்ர் என்று ஒரே சீராக, காலி இடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர். சுவருக்கு முன்னால் வெறும் தரை. அவ்வளவுதான்.

வராந்தாவில் டைரக்டர் இசோமுரா தயிர்சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ரகுபதி. பாங்கில் வேலை பார்க்கிறவர், ஆசைக்கு ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டவர், இந்தப் பத்து நாளுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“சார், உள்ள கேமரா பாட்டுக்கு ஓடிக்கினு கீது. ஃபிலிம் இன்னா கொழாத் தண்ணியா?” என்றான் ஜீவானந்தம்.

ரகுபதி அதை ஜப்பான் பாஷையில் கேட்டார். இசோமுரா ஸ்பூனை வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

“ரூம் பழகணுமாம்பா.”

“எதுக்குப் பழகணும்?”

“அதையும் கேட்டேன். தயிர் நல்லாருக்குங்கறாரு.”

1991, ஆடி மாதம். ஆடியில் எவனாவது ஷூட்டிங் ஆரம்பிப்பானா? ஆரம்பித்தார் இசோமுரா. பூஜை கிடையாது, தேங்காய் கிடையாது, கேமராவுக்கு ஒரு பொட்டு கிடையாது. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குத் திரும்பும் மண்பாதையில், ஏரிக்கரையை ஒட்டி, ஏதோ ஒரு கம்பெனி நிலம் வாங்கிப் போட்டிருந்தது. தொழிற்சாலை வரவில்லை. வரப்போகிற அதிகாரிகளுக்கான விருந்தினர் விடுதி மட்டும் முந்திக்கொண்டு வந்து, ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டைத்தான் ஜீவானந்தம் பிடித்துக் கொடுத்திருந்தான். அவனும் வடக்குப்பட்டுக்காரன்தான். தினமும் சைக்கிள் மிதித்து சிங்கப்பெருமாள் கோவில் போய், ரயில் பிடித்துக் கோடம்பாக்கம் போகிற பிழைப்பு. உள்ளூரிலேயே ஒரு படம் என்றதும் தலைகால் புரியவில்லை அவனுக்கு.

அவன் மனைவி பிரவீனாவுக்கு அதைவிட. கல்யாணமாகி எட்டு வருடம், எட்டு வருடமும் அவள் ஒரே பாட்டுத்தான் பாடினாள். “சினிமாவுல இருக்கேன், சினிமாவுல இருக்கேன்னு பீத்திக்கினு இருக்க. கும்பல்ல ஒரு ஓரமா நிக்க வெச்சியா மாமா என்ன?” அவன் அவளுக்கு முறை மாமன். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டில் உலை வைத்திருப்பவள்கூட எட்டிப் பார்ப்பாள். இரண்டாம் நாள் அவனுக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்தவளை இசோமுரா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரகுபதியிடம் பேசினார்.

படத்தில் ஒரு பெண் வேண்டும். வசனம் இல்லை. ஏரியில் விழுந்து செத்தவள். தரையில் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“பொணமா?” என்றான் ஜீவானந்தம். “என் பொஞ்சாதியா? வேற ஆளக் கூட்டாரேன் சார். நூறு பேரு கீறாங்க.”

“நான் படுக்கறேன்,” என்றாள் பிரவீனா.

வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டான். எடுபடவில்லை. “சும்மா படுத்துக்கினு இருக்கணும். இதுகூட எனக்கு வராதா?” என்று கேட்டுவிட்டு அவள் தலைக்கு எண்ணெய் தேய்க்கப் போய்விட்டாள்.

சரி, சினிமாவில் இதற்கொரு வழி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பிணமாக நடித்தவர்களை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஷாட் முடிந்ததும், அதே இடத்தில், அதே கேமரா முன்னால், எழுந்து உட்கார்ந்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதைப் படம் பிடிக்க வேண்டும். நாலு அடி ஃபிலிம் போதும். செத்தது பொய், எழுந்தது மெய் என்று கேமராவுக்குச் சொல்லிவிடுவது. எத்தனையோ பெரிய நடிகர்கள் மாலையைக் கழற்றாமல் பல்லைக் காட்டிவிட்டுப் போனதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அவன் பொறுப்பில் ஒரு பிணம்கூடச் சிரிக்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

மூன்றாம் நாள் இதை இசோமுராவிடம் சொல்லும்படி ரகுபதியிடம் கேட்டான். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கேள்விமேல் கேள்வி.

“யார் சிரிக்கச் சொல்லணும்னு கேக்கறார்.”

“யார் வேணா சொல்லலாம் சார்.”

“அவளுக்கு வேண்டியவங்க சொன்னா நல்லதான்னு கேக்கறார்.”

“நல்லதுதான். பேரச் சொல்லிக் கூப்ட்டு, முடிஞ்சிது எழுந்துரு, சிரின்னு சொல்லணும்.”

“பேர் சொல்லியே ஆகணுமா?”

“ஆமா சார்.”

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடிக்கோடு போட்டார். நோட்டை மூடிவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அவர் படத்துல அது கெடையாதாம்பா,” என்றார் ரகுபதி, தானே தப்புச் செய்ததுபோல.

ஐந்தாம் நாள் காலை லைட்மேன் டில்லிபாபு வேலைக்கு வரவில்லை. டீக்கடையில் அவனைப் பிடித்தான் ஜீவானந்தம். டில்லிபாபு நாற்பது வயது ஆள், எரியும் விளக்கை வெறும் கையால் திருப்புகிறவன், டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

“ணா, நான் வர்ல.”

“ஏன்டா?”

“அந்தக் காலி ரூம்ல டெய்லி டேப்பு புடிச்சி அளக்குறாரு, பாத்தியா? ஃபோகஸுக்கு. அந்தாண்ட முனைய நான்தான் புடிப்பேன். மொத நாளு பதினாலடி. அப்பாலிக்கு பதினொன்னு. அப்பாலிக்கு ஒம்போது. நேத்து ஏழு. ஆளே இல்லாத எடத்துல எது ணா கிட்டக்க வந்துக்கினு கீது?”

“பைத்தியக்காரா.”

“அவுரு காட்டுற எடம் மட்டும் சில்லுனு கீது. வெரல வெச்சிப் பாரு நீ. நான் போறேன்.”

அன்று சாயங்காலம் ஜீவானந்தம் ரகுபதியை ஏரிக்கரைக்கு இழுத்துப்போய், யார் சார் இந்த ஆள், மெய்யாலுமே சொல்லுங்க என்றான். ரகுபதி பையிலிருந்து ஒரு பழைய ஜப்பான் பத்திரிகையை எடுத்தார். அவரும் படித்துவிட்டு நாலு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இசோமுரா ஆரம்பத்தில் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் படம் எடுத்தவர். பிரஸ் மெஷினில் கையை விடாதே, கன்வேயரில் துணி சிக்காமல் பார்த்துக்கொள், அந்த மாதிரி. மெஷினைத்தான் காட்டுவார், விபத்தைக் காட்ட மாட்டார். ஆனால் அவர் படத்தைப் பார்த்த தொழிலாளிகள் மூன்று நாள் மெஷின் பக்கமே போகவில்லை, கம்பெனி அவரைத் துரத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் பேய்ப்படம். ஏழு படம். ரத்தம் இல்லை, சங்கீதம் இல்லை, பேய்கூட இல்லை. கேமரா தரையில் இருக்கும், தவழ்கிற குழந்தையின் கண் உயரத்தில். ஒரு பெட்டி ஃபிலிம் பதினோரு நிமிடம் ஓடும், ஃபிலிம் தீரும்வரை அவர் நிறுத்தவே மாட்டார். சாவு வெளியே நடக்கும். சாவுக்குப் பிறகு அந்த அறை எப்படி இருக்கிறது என்று மட்டும் காட்டுவார். ஜனங்கள் பாதியில் எழுந்து ஓடினார்கள், ஒரு ஊரில் தியேட்டரையே கொளுத்தினார்கள், இன்னொரு ஊரில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள்.

மூன்றாவது படத்தில் ஒரு பெண் பிணமாகப் பதினோரு நிமிடம் கிடந்தாள். கண் திறந்தபடி. மூச்சே தெரியவில்லை. நிஜப் பிணத்தை வைத்து எடுத்துவிட்டான் என்று போலீஸ் ரீலைப் பிடுங்கிக்கொண்டு வழக்குப் போட்டது. நீதிமன்றத்துக்கு அந்த நடிகையே நேரில் வந்து நின்றாள். வழக்குத் தள்ளுபடி. பத்திரிகைகளில் கொண்டாட்டம்.

“அப்பறம் இன்னா சார்? உசுரோடதானே கீது?” என்றான் ஜீவானந்தம்.

ரகுபதி பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியில் விரலை வைத்தார். “அந்தப் பொண்ணோட அம்மா வந்திருந்தாளாம். பொண்ணப் பார்த்துட்டு, ஜட்ஜுகிட்ட, ‘இது என் மக இல்லீங்க’ன்னு சொன்னாளாம். யாரும் காதுல வாங்கல. அதுக்கப்பறம் எடுத்த படத்துலல்லாம் வேற வேற பொண்ணு. ஒருத்திகூடத் திரும்ப நடிக்க வரல.”

ஜீவானந்தம் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடினான். பிரவீனாவிடம் கெஞ்சினான், அதட்டினான், கும்பிட்டான். அவள் அவன் மோவாயைப் பிடித்து ஆட்டினாள். “ஐயே, பயந்தாங்கொள்ளி. பதினோரு நிமிஷம் மாமா. நீதான் கூட இருக்கியே.”

இருப்பேன் என்றான். எந்த ஜப்பான்காரன் என்ன சொன்னாலும் அந்தச் சிரிப்பை எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினான். பத்தாவது நிமிடம் உள்ளே போவது. ஃபிலிம் தீர்வதற்குள் அவளை எழுப்பிச் சிரிக்க வைப்பது. அடித்தால் அடிக்கட்டும்.

ஏழாம் நாள். மதியம் ஒன்றே கால்.

ஏரித் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து அவள்மேல் ஊற்றினார்கள். ஈரப் புடவை, ஈரத் தலை. தெற்கே தலைவைத்துப் படுக்க வைத்தார்கள். வழியில் எங்கோ ஒரு சாவு வீட்டைப் பார்த்துவிட்டு இசோமுரா எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். இரண்டு கால் கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டச் சொன்னார். தாடையைச் சுற்றி வாய்க்கட்டு கட்டச் சொன்னார். தாலி கட்டிய கையாலேயே அந்த முடிச்சைப் போட வேண்டியிருந்தது ஜீவானந்தத்துக்கு. முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

“கூசுது மாமா,” என்றாள் கட்டுக்குள்ளிருந்து.

டேப்பை இந்த முறை இசோமுராவே பிடித்தார். கேமராவிலிருந்து அவள் முகம்வரை. ஐந்தடி.

பிறகு எல்லாரும் வெளியே. ஜீவானந்தத்துக்கு வெளிக்கேட்டில் வேலை. சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது மேனேஜர் தலையில்தான் விழும், மாட்டு மணி, மொபெட், எதுவானாலும். கேட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபது. காற்று இல்லை. பனைமட்டைகூட அசையவில்லை, காக்கை இல்லை, ஏரிப்பக்கமிருந்து அழுகிய பாசியின் வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது. நாலு நிமிடம். ஏழு. ஒன்பதாவது நிமிடம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதையில் திரும்பிவிட்டது. ஓடிப்போய் மறித்தான். டிரைவர் காது கேளாத கிழவர். “இன்னாபா? இன்னாத்துக்கு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எஞ்சினை அணைக்க வைத்து, கும்பிடு போட்டு, திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்று முப்பத்து நாலு.

பதினாலு நிமிடம். போச்சு.

ஃபிலிம் தீர்ந்திருக்கும். சிரிக்காமலே எழுந்திருப்பாள். பாவி, கோட்டை விட்டுட்டியே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். வராந்தாவில் இசோமுரா தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரகுபதியைக் காணோம். தடுப்பார் என்று நினைத்தான். அவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

கிர்ர்ர்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பாடா! அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது பயம் இல்லை, நிம்மதி. இன்னும் ஃபிலிம் இருக்கிறது. பதினோரு நிமிட ஃபிலிம் பதினாலாவது நிமிடம் எப்படி ஓடும் என்கிற கணக்கு அவன் மூளைக்குள் நுழையவே இல்லை.

கதவைத் தள்ளினான். உள்ளே பாசி வாடை. ஈரத்துணி வாடை. வெளியே அனல் அடிக்கிறது, அறைக்குள் பின்பனிக் காலம்போலக் குளிர்ந்தது. கேமராவுக்குப் பின்னால் குந்தினான். அவள் அப்படியே கிடந்தாள். கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை, தொண்டைக்குழி அசையவில்லை, இமை அசையவில்லை. இவளுக்கா நடிப்பு வராது என்றேன் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அவளைச் சுற்றித் தண்ணீர். ஒரு குடம்தான் ஊற்றினார்கள். சுவர்வரை போயிருந்தது.

“பிரவீனா,” என்றான் மெதுவாக. “முடிஞ்சிது. எழுந்துரு. சிரி.”

அசைவு இல்லை.

“பிரவீனா. ஏய். முடிஞ்சிதுடி. சிரி.”

கருவிழி மட்டும் திரும்பியது. அவனைத் தேடியது. கண்டுபிடித்தது.

“சிரிம்மா. தங்கம் இல்ல? பிரவீனா.”

வாய்க்கட்டுத் துணி மெல்ல இழுபட்டது. உதடு ஒரு பக்கம் விரிந்தது, அப்புறம் மறுபக்கம். சிரிப்புத்தான். எப்படிச் சிரிப்பது என்று யாரோ சொல்லக் கேட்டு முதல்முதலாகச் செய்து பார்ப்பது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, பல் தெரிய, ஈறு தெரிய.

“இன்னா மாமா, யார்கிட்ட பேசிக்கினு கீற?”

குரல் ஜன்னலிலிருந்து வந்தது.

திரும்பினான். பச்சை ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரவீனா. தோளில் துண்டு. கழுத்தில் இறங்கிய வாய்க்கட்டு. கையில் தண்ணீர்ச் சொம்பு.

“கெடுத்துட்டேன் மாமா. நாலாவது நிமிஷமே தும்மிட்டேன். கம்முனு பின்பக்கமா எழுந்து போய்டச் சொல்லிட்டாரு டைரக்டரு. பேங்கு சாருதான் கால் கட்ட அவுத்து வுட்டாரு. அப்பவே வந்துட்டேனே நானு.” அவள் கண்ணைச் சுருக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள். “யாரு மாமா அது, கீழ?”

அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. காதில் மட்டும் கேட்டது. ஈரத்தரையில் உள்ளங்கை ஊன்றும் சத்தம். ஈரப் புடவை தரையை விட்டுப் பிரியும் சத்தம். எலும்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற சத்தம்.

எழுந்துகொண்டிருந்தது.

அவன்தான் எழுந்திருக்கச் சொன்னான். பேரைச் சொல்லி. மூன்று தரம்.

“பிரவீனா, ஓடு!”

சொம்பு விழுந்தது. அவள் ஓடவில்லை. முகத்திலிருந்த சிவப்பு நெற்றியிலிருந்து கீழ்நோக்கி வடிந்தது, கன்னம், உதடு, கழுத்து. சிரிப்பதற்குத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பாய்ந்து போய்க் கம்பி வழியாக அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வெயிலில் நின்றிருந்தவள். கை ஏரித் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. நாடி ஒருமுறை தட்டியது. இன்னொருமுறை. அப்புறம் இல்லை.

“ஐயோ, பிரவீனா! இல்லடி, நீதான்டி, உன்னத்தான் கூப்ட்டேன்! சிரிடி! உன்னத்தான்டி!”

அவள் முழு பாரமும் அவன் இரண்டு கைகளில் இறங்கியது. விட்டால் விழுந்துவிடுவாள். விழுந்தால் முடிந்தது.

பின்னால் சத்தம். கட்டைவிரல் சேர்த்துக் கட்டிய இரண்டு பாதம். தத்தி. ஒரு நிறுத்தம். தத்தி.

டைரக்டரைக் கூப்பிட்டான். ரகுபதியைக் கூப்பிட்டான். சாமியைக் கூப்பிட்டான். வராந்தாவில் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது, அவ்வளவுதான்.

தத்தி.

தோளில் ஒரு கை விழுந்தது. ஈரம். வேற்றுக் கை இல்லை அது. எட்டு வருடமாக அவன் தோளில் விழுந்த கனம், அதே ஐந்து விரல், அதே வளையல் சத்தம். காதுக்குப் பக்கத்தில் பாசி வாடை அடித்தது. வாய்க்கட்டு அவிழாமலே அவளுடைய குரல் பேசியது.

“பசிக்குது மாமா. வா, வூட்டுக்குப் போலாம்.”

அவன் திரும்பவில்லை. கம்பிக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு கைகளையும் இறுக்கினான், இன்னும் இறுக்கினான். எதிரே, வெயிலில், ஒரு முழ தூரத்தில் பிரவீனாவின் முகம். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. மெல்ல மேலே நடந்தது. திறந்திருந்த கண்ணுக்குள் இறங்கி, கருவிழியின் நடுவே நின்று, முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது.